மலைச் சைக்கிள் வாங்கியாயிற்று. சஸ்பென்ஷன் யார் எடைக்கு இருக்கிறது?

என் அக்காள் மகன் கிள்ளானில் இருக்கிறான். வயது 19, எடை 58 கிலோ. பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் கைமாறிய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினான். நல்ல சைக்கிள்தான். முன்பக்கம் காற்றடிக்கும் ஃபோர்க், டிஸ்க் பிரேக், கீறல் குறைவு. விற்றவருக்குத் தொண்ணூறு கிலோ எடை இருக்கும்.

வாங்கிய மூன்றாவது வாரம், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், புக்கிட் கியாரா இறக்கத்தில் ஈர வேர்கள் மேல் முன்சக்கரம் துள்ளி வழுக்கியது. விழுந்தவன் கையை ஊன்றினான். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. "அந்தச் சைக்கிளை வித்துத் தொலை" என்று அக்காள் நின்றாள்.

நான் போய் அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் சிறிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். பையனை ஏறி நிற்கச் சொன்னேன். 120 மில்லிமீட்டர் அமுங்க வேண்டிய ஃபோர்க், அவன் எடைக்கு 10 மில்லிமீட்டர்கூட அமுங்கவில்லை. "மாமா, எங்கிட்ட வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றான். உண்மைதான். விற்றவர் மேல் குற்றமில்லை. காற்று அவர் எடைக்குச் சரியாகவே இருந்தது. பையனின் எடைக்கு அது கிட்டத்தட்ட இரும்புக் கம்பி.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சைக்கிள் மோகம் பரவியது நினைவிருக்கும். அப்போது வாங்கிய சைக்கிள்கள் பல இன்று கைமாறுகின்றன. நம் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். பிரேக்கைப் பார்க்கிறார்கள், கியரைப் பார்க்கிறார்கள். சஸ்பென்ஷனை மட்டும் யாரும் தொடுவதில்லை. ஒரு காற்று பம்பும் அரை மணி நேரமும் இருந்தால் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை இது.

சஸ்பென்ஷன் எதற்கு?

மோட்டாருக்கு அப்சோபர் எப்படியோ, அப்படித்தான் சைக்கிளுக்குச் சஸ்பென்ஷன். முன்பக்கம் இருப்பது ஃபோர்க். விலை கூடிய சைக்கிள்களில் இருக்கைக்குக் கீழே பின் ஷாக்கும் இருக்கும்.

பலர் இதைச் சொகுசுக்கான பொருள் என்று நினைக்கிறார்கள். கை வலிக்காமல் இருப்பது அதனால் கிடைக்கும் ஒரு பலன். முக்கிய வேலை வேறு: டயரைத் தரையிலேயே வைத்திருப்பது. டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிரேக் பிடிக்கும், ஹேண்டலைத் திருப்பினால் சைக்கிள் திரும்பும். கல்லில் ஏறும்போது சக்கரம் மேலே போக வேண்டும், கல் முடிந்ததும் உடனே கீழே வர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அந்த நொடியில் டயருக்குப் பிடிமானம் இல்லை. என் மருமகன் விழுந்தது அந்த நொடியில்தான்.

சைக்கிளின் முதல் சஸ்பென்ஷன் டயருக்குள் இருக்கும் காற்று. பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்ட் டன்லப் 1888இல் சைக்கிளுக்கான காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே 1888இல்தான் ரிட்லி என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையைப் பரப்பியவர் அவர். டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின, நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள். டன்லப் பெயர் தாங்கிய நிறுவனமே பிற்பாடு இங்கே தோட்டங்கள் வைத்திருந்தது.

முன் ஃபோர்க் மலைச் சைக்கிளுக்குப் பரவலாக வந்தது நூறு ஆண்டுகள் கழித்துத்தான். அமெரிக்காவின் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க் ஐந்து சென்டிமீட்டர்கூட அமுங்காது. 1990இல் டுராங்கோ நகரில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக வெற்றியாளர் போட்டியில், இறக்கப் பிரிவில் வென்ற கிரெக் ஹெர்போல்ட் அதைத்தான் பயன்படுத்தினார். அதன்பிறகு சஸ்பென்ஷன் இல்லாத மலைச் சைக்கிள் அபூர்வமாகிவிட்டது.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு சொற்கள்

டிராவல்: ஃபோர்க் மொத்தம் எவ்வளவு அமுங்கும் என்பது. சாதாரணத் தடங்களுக்கு 100 முதல் 120 மில்லிமீட்டர் போதும். செங்குத்தான இறக்கங்களுக்கென்றே செய்த சைக்கிள்களில் 160 முதல் 200 வரை இருக்கும்.

சேக்: நீங்கள் ஏறி நின்றதுமே, ஓட்டுவதற்கு முன்பே, ஃபோர்க் அமுங்கும் அளவு. எல்லா அமைப்புக்கும் இதுதான் அடித்தளம். கொஞ்சம் அமுங்கி நின்றால்தான், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட முடியும்.

ரீபவுண்ட்: அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாக மேலே வருகிறது என்பது. ஃபோர்க்கின் அடியில் இருக்கும் திருகைத் திருப்பி மாற்றலாம், பெரும்பாலும் அது சிவப்பு நிறம். ஆமைப் படம் இருந்தால் மெதுவாக, முயல் படம் இருந்தால் வேகமாக.

கம்ப்ரெஷன்: ஃபோர்க் எவ்வளவு சுலபமாக அமுங்குகிறது என்பது. மேலே, பெரும்பாலும் நீல நிறத் திருகு. இதை முழுவதும் மூடினால் ஃபோர்க் பூட்டிக்கொள்ளும். அதைத்தான் லாக்அவுட் என்கிறார்கள்.

முதல் வேலை: சேக் பார்ப்பது

வழக்கமாக ஓட்டும்போது போடும் சப்பாத்து, தலைக்கவசம், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ எடை. லாக்அவுட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, மிதிகள் இரண்டும் சம உயரத்தில் இருக்க, இருக்கையில் உட்காராமல் நில்லுங்கள். முழங்கையும் முழங்காலும் லேசாக மடங்கியிருக்கட்டும். இரண்டு மூன்று முறை குதித்து அமுக்கி, பிறகு அசையாமல் நில்லுங்கள். உதவிக்கு இருப்பவர் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளி, குழாய் நுழையும் இடத்தோடு ஒட்டிவைக்க வேண்டும். இப்போது ஆட்டாமல் இறங்குங்கள். வளையம் எத்தனை மில்லிமீட்டர் மேலே இருக்கிறதோ அதுதான் உங்கள் சேக். வளையம் இல்லாத ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம்.

முன் ஃபோர்க்குக்கு டிராவலில் 20 விழுக்காடு என்று தொடங்குங்கள். 100 மில்லிமீட்டருக்கு 20, 120 மில்லிமீட்டருக்கு 24. பின் ஷாக் இருந்தால் அதற்கு 25 முதல் 30 விழுக்காடு. வளையம் அதைவிட மேலே போனால் காற்று போதவில்லை. கீழேயே நின்றால் காற்று அதிகம்.

காற்றடிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் நிலையக் காற்றுக் குழாயை ஃபோர்க்கில் வைக்காதீர்கள். வால்வு மோட்டார் டயர் வால்வு போலவே இருப்பதால் குழாய் பொருந்திவிடும், ஆபத்தே அங்கேதான். ஃபோர்க்குக்குள் இருக்கும் இடம் மிகச் சிறியது. ஒரே நொடியில் அளவு மீறி உள்ளே முத்திரைகள் கெட்டுவிடலாம். நிலையத்தில் 220 என்று காட்டுவது கிலோபாஸ்கல் கணக்கு, சைக்கிள்காரர்கள் பேசுவது பிஎஸ்ஐ கணக்கு. ஒரு பிஎஸ்ஐ என்பது கிட்டத்தட்ட ஏழு கிலோபாஸ்கல். இரண்டையும் குழப்பிக்கொண்டால் சிக்கல்தான். ஷாக் பம்ப் என்று கேட்டால் சைக்கிள் கடையில் சிறிய கைப்பம்ப் கிடைக்கும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

தொடக்க அளவு தெரிய, ஃபோர்க் காலின் பின்புறம் பாருங்கள். பல ஃபோர்க்குகளில் எடைக்கு எத்தனை பிஎஸ்ஐ என்ற பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும். ஐந்து ஐந்தாகக் கூட்டியோ குறைத்தோ வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோர்க்கை நாலைந்து தடவை நன்றாக அமுக்கிவிட்டு மறுபடி அளவு பாருங்கள். பம்பைக் கழற்றும்போது 'புஸ்' என்று சத்தம் வரும். அது பம்புக் குழாயில் நின்ற காற்று. ஃபோர்க் காற்று போய்விட்டதென்று பயந்து மறுபடி அடிக்க வேண்டாம்.

இரண்டாவது வேலை: ரீபவுண்ட்

வீட்டுக்கு முன்னால் சாலையோர விளிம்புக்கல் இருந்தால் போதும். அதன் மேலிருந்து மெதுவாகச் சைக்கிளை இறக்குங்கள். ஃபோர்க் அமுங்கி, எழும்பி, ஒரே ஆட்டத்தில் அடங்கிவிட்டால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் வேகம் அதிகம், ஆமைப் பக்கம் ஒரு சொடுக்கு திருப்புங்கள். சோம்பலாக எழும்பினால் முயல் பக்கம் ஒரு சொடுக்கு.

இங்கே பலர் மறப்பது ஒன்று உண்டு. காற்றை மாற்றினால் ரீபவுண்டையும் மாற்ற வேண்டும். எடை கூடியவரின் ஃபோர்க்கில் காற்று அதிகம், அது வேகமாக உதைத்து எழும்பும், அதனால் ரீபவுண்டை மெதுவாக வைத்திருப்பார். அதே ஃபோர்க்கில் மெலிந்த பையன் காற்றை மட்டும் குறைத்தால், ஃபோர்க் எழும்பவே தயங்கும். என் மருமகனுக்குக் காற்றைக் குறைத்த பிறகு ரீபவுண்டை முயல் பக்கம் மூன்று சொடுக்கு திறக்க வேண்டியிருந்தது.

நம் தடங்கள், நம் அமைப்பு

எடைக்கேற்ப அடித்தளம் போட்டாயிற்று. இனி தடத்துக்கேற்ற சின்னச் சின்ன மாற்றங்கள்.

தார்ச்சாலை: கிள்ளானிலிருந்தோ பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ தடம் இருக்கும் இடம் வரை தாரில்தான் மிதிக்கப் போகிறீர்கள். நீண்ட மேட்டில் லாக்அவுட்டை மூடினால் மிதிக்கும் பலம் வீணாகாது. தடம் தொடங்கும் இடத்தில் திறக்க மறக்காதீர்கள். பூட்டிய ஃபோர்க்கோடு வேரில் இறங்கி விழுந்தவர்கள் எந்தக் குழுவிலும் ஒருவராவது இருப்பார்கள்.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சடக்கு: கிள்ளான், காப்பார், பந்திங், கேரித்தீவு பக்கம் உள்ளவர்களுக்கு இது பழகிய வழி. மேடு குறைவு. தொல்லை தருவது சின்னச் சின்னக் கல்லும், லாரிச் சக்கரம் பதித்த வரிவரியான அலையும். ஃபோர்க் ஒவ்வொரு அதிர்வுக்கும் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். கம்ப்ரெஷனை முழுவதும் திறந்து வையுங்கள். ரீபவுண்டை முயல் பக்கம் ஒரு சொடுக்கு. மெதுவாக இருந்தால், முதல் அதிர்விலிருந்து எழும்புமுன் அடுத்தது வந்து, ஃபோர்க் படிப்படியாகக் கீழே இறங்கிக் கெட்டியாகிவிடும். கை மரத்துப்போவது இதனால்தான். செம்பனை மட்டையின் முள் டயரைக் குத்தும், அடுக்கி வைத்த மட்டை வரிசைக்குள் இறங்காதீர்கள். தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதே மரியாதை.

புக்கிட் கியாரா, கெப்போங் போன்ற காட்டுத் தடங்கள்: வேர்களும் குறுகிய திருப்பங்களும்தான் இங்கே பாடு. வேர் என்பது திடீரென்று வந்து திடீரென்று முடியும் மேடு. சேக் 20லிருந்து 25 விழுக்காடு வரை போகலாம், அதாவது காற்றை ஐந்து பிஎஸ்ஐ குறைக்கலாம். ரீபவுண்ட் சடக்குக்கு வைத்ததைப் போலவே சற்று வேகமாக இருக்கட்டும், ஆனால் விளிம்புக்கல் சோதனையில் ஆடக்கூடாது. ஆடினால் ஈர வேரில் முன்சக்கரம் துள்ளும்.

செங்குத்து இறக்கமும் குதிப்புகளும்: எடையெல்லாம் முன்னால் சாயும். காற்று குறைவாக இருந்தால் ஃபோர்க் அடிவரை இடித்து, ஹேண்டலுக்கு மேல் தூக்கிப் போடும். ஐந்து பிஎஸ்ஐ கூட்டுங்கள், கம்ப்ரெஷனை இரண்டு சொடுக்கு மூடுங்கள், ரீபவுண்டை ஆமைப் பக்கம் ஒரு சொடுக்கு. பெரிய அடிக்குப் பிறகு ஃபோர்க் உங்களை உதைத்து எறியாமல் இருக்க இது உதவும்.

ஒரு சுற்று முடிந்ததும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அன்றைய பெரிய அடியில் வளையம் கிட்டத்தட்ட மேல்வரை போயிருந்தால் அமைப்பு சரி. பாதியிலேயே நின்றால் காற்று அதிகம். சாதாரண ஓட்டத்திலேயே ஒவ்வொரு முறையும் உச்சியில் இடித்தால் காற்று குறைவு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே துண்டுத் தடத்தை மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். மாற்றியதைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாத் திருகையும் திருப்பினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

விலை குறைந்த சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு

பேரங்காடியில் வாங்கிய சைக்கிளில் காற்று வால்வு இருக்காது. உள்ளே சுருள்வில் இருக்கும், மேலே ஒரு திருகு மட்டும் இருக்கும். அதைத் திருகினால் வில் கெட்டியாகிவிடும் என்று நினைப்பது தவறு. வில்லின் பலம் மாறாது, தொடக்கத்தில் எவ்வளவு அமுங்கி நிற்கும் என்பது மட்டும் மாறும். உங்கள் எடைக்கு வில் பொருந்தவில்லை என்றால் வேறு வில் போட வேண்டும், அது எல்லாக் ஃபோர்க்கிலும் முடியாது.

மனம் தளர வேண்டாம். டயர் இருக்கிறதே! 2.2 அங்குலம் அளவுள்ள டயரை 45 பிஎஸ்ஐ வரை கல்லாக அடித்து ஓட்டுகிறவர்கள் பலர். எழுபது கிலோ உள்ள ஒருவர், டியூப் போட்ட டயரில், முப்பது பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிப் பார்க்கட்டும். டியூப் இல்லாத டயரில் இன்னும் சற்று குறைக்கலாம். அதிகம் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் நசுங்கி ஓட்டையாகும், அதனால் இரண்டிரண்டாகக் குறையுங்கள். முழங்கையையும் முழங்காலையும் மடக்கி நின்று ஓட்டப் பழகுங்கள். உடம்பும் நல்ல அப்சோபர்தான். சடக்குக்கும் மிதமான தடத்துக்கும் இது போதும். பெரிய இறக்கத்துக்கு மட்டும் அந்தச் சைக்கிளை எடுத்துப் போகாதீர்கள்.

மழையும் பராமரிப்பும்

நம் பள்ளத்தாக்கில் ஏப்ரலிலும் ஆண்டின் கடைசி மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம். சேறு காய்ந்தால் ஃபோர்க் குழாயில் மணல் ஒட்டிக்கொள்ளும். அதோடு அமுக்கினால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மோட்டார் கழுவும் கடையின் அழுத்தத் தண்ணீரை ஃபோர்க் முத்திரையில் நேராகப் பாய்ச்சக் கூடாது. துரு நீக்கும் தெளிப்பான்களையும் அங்கே அடிக்காதீர்கள். குழாய்களின் அடிப்பகுதி எண்ணெயை ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் ஃபோர்க்குகள் பல. வாரம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். கைமாறிய சைக்கிள் என்றால் வாங்கியதும் முதல் செலவாக இதைச் செய்துவிடுங்கள்.

கனமழைக்கு மறுநாள் தடம் ஈரமாக இருந்தால் ஒரு நாள் காத்திருங்கள். ஈரத் தடத்தில் டயர் கீறிய கோட்டில் அடுத்த மழை ஓடையாக ஓடும். அந்தத் தடங்களைத் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு வந்து சீர்செய்கிறார்கள்.

கியாராவைப் பற்றி இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. அது ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நிலத்தை அரசு எடுத்துக்கொண்டபோது, அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் 1982இல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் நீளவீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீடு என்ற வாக்குறுதிக்காக நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் அவர்கள் காத்திருந்தார்கள். இன்றும் அந்தக் குன்றில் பழைய பால்மரங்கள் நிற்கின்றன. அடுத்த முறை அவற்றின் நடுவே இறங்கும்போது, விடியுமுன் வாளியோடு அதே சரிவில் ஏறியவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகனின் மாவுக்கட்டு பிரித்துப் பல மாதங்கள் ஆகின்றன. சைக்கிளை விற்கவில்லை. ஃபோர்க் காலில் வெள்ளை நாடா ஒட்டி, 24 மில்லிமீட்டரில் பேனாவால் கோடு போட்டிருக்கிறான். சைக்கிள் என்றாலே முகம் சுளித்த என் அக்காள் இப்போது ஞாயிறு காலையில் வாசலில் நின்று கேட்பது ஒன்றுதான்: "காத்து பாத்தியாடா?"